சொன்னால் அடி விழும்

எங்கள் ஊரில் வைக்கோற்போருக்குப் படப்பு என்று பெயர். அறுப்பு முடிந்ததும் களத்தோரம் எழும்பி நிற்கும் படப்பு, பிள்ளைகள் ஒளிந்து விளையாட நல்ல இடம். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு மே மாதத்தில், அந்தப் படப்புக்குள் ஒரு பையன் முற்பகலிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை ஒளிந்திருந்தான். அவன் விளையாடவில்லை. காலையில் அவனும் இன்னொரு பையனும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். இவன் மட்டும் திரும்பி வந்திருந்தான்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். மே மாதத்தில் ஆறு மெலிந்துவிடும். கார் சாகுபடிக்கு அணை திறக்க ஜூன் ஆகும். அதுவரை முழங்கால் அளவுத் தண்ணீர் மணலைத் தடவிக்கொண்டு போகும். ஆட்டுக்குட்டிகூடக் கடந்துவிடும் என்று தோன்றும். ஆனால் மணல் அள்ளிய குழிகளும் பாறையடிக் கசங்களும், அதாவது ஆழமான மடுக்களும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடக்கிறவன் அடுத்த எட்டில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பான். திரும்பி வராத பையன் அப்படித்தான் போனான். கத்தவில்லை என்று பின்னால் தெரிந்தது. மூழ்குகிறவர்கள் கூக்குரல் போடுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சு இழுக்கவே வாய் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்?

கூடப் போனவன் கரையில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். பிறகு மற்றவனுடைய சட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்து படப்புக்குள் புகுந்துகொண்டான். ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் கட்டளை இருந்தது. சொன்னால் அடி விழும்.

இறந்துபோனவனின் அம்மா மதியம் சோறு வடித்து, அவன் பங்கைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மணி மூன்று தாண்டியதும் கோபம் வந்துவிட்டது. "வரட்டும் இன்றைக்கு" என்று பூவரசங்கம்பு ஒன்றை ஒடித்துத் திண்ணையில் வைத்தாள். இரவு உடலைக் கொண்டுவந்து கிடத்தியபோதும் அந்தக் கம்பு அங்கேயே கிடந்தது. அதை எடுத்து அப்புறம் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உடனே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். தண்ணீருக்குள் மூச்சு நின்றுவிட்டால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். ஊருக்குள் ஓடி வந்து சொல்லி ஆள் திரட்டிப் போயிருந்தால் உயிர் தங்கியிருக்காது. ஆனால் கூப்பிடு தூரத்தில் படித்துறை இருந்தது. அங்கே நாலைந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு நீந்தத் தெரியும். அவர்களைக்கூட அவன் கூப்பிடவில்லை. எல்லாம் தெரிந்த முகங்கள், வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்னால் நானும் அதையேதான் செய்திருந்தேன். கன்னடியன் கால்வாயில் பிசான நெல்லுக்கான தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம். மதகுப் பக்கம் பாசியில் கால் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டேன். அந்த வழியாகப் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண் கட்டைப் போட்டுவிட்டு என் சடையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். கரையேறியதும் நான் அவளிடம் கேட்ட முதல் வார்த்தை, "எங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவீர்களா?" என்பதுதான். பாவாடையை வெயிலில் காய வைத்து, தலையை விரலால் கோதி, ஒன்றும் நடக்காதவளாக வீட்டுக்குப் போனேன். செத்துப் பிழைத்ததை அம்மாவிடம் சொல்ல எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அப்போது என் மகன் என் மடியில் இருந்தான். அம்மா வெகுநேரம் பேசவில்லை. "நான் அவ்வளவு அடித்தேனா?" என்று மட்டும் கேட்டாள்.

அவ்வளவு அடித்தவள் இல்லை அவள். மற்ற அம்மாக்கள் அடித்த அளவுதான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்ற பதைப்பில்தான் கை ஓங்குகிறோம். ஆனால் பிள்ளை அந்தப் பதைப்பைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது. ஆபத்தைவிட ஆபத்தைப் பற்றி வீட்டில் சொல்வது பெரிய பயமாகிவிடுகிறது. இருபது ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருக்கிறேன். தண்ணீர், தெரு, உறவு, சாதி என்று எந்தப் பக்கமிருந்து தீங்கு வந்தாலும் அடியில் இந்த ஒரு பயத்தைத்தான் பார்க்கிறேன்.

அந்தச் சாவுக்குப் பிறகு எங்கள் ஆச்சி ஒரு காரியம் செய்தாள். அதுவரை கசத்தில் முனி இருக்கிறது, பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவளே அவள்தான். அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிட்டாள். அடுத்த கோடையில், முற்றின சுரைக்காய்களைக் காயப்போட்டுக் குடுக்கையாக்கி, தெருப்பிள்ளைகள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாள். இடுப்பில் குடுக்கையைக் கட்டி ஒவ்வொருவராக இறக்கினாள். பத்து நாளில் குடுக்கை போய் வாழைத்தண்டு வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வாழைத்தண்டும் போய்விட்டது.

நீச்சலைவிட அவள் சொல்லிக் கொடுத்த வேறு சில விஷயங்களுக்குத்தான் நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். காலால் அளந்து பார்க்காத இடத்தில் தலைகீழாகக் குதிக்கக்கூடாது. வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், தண்ணீர் திடீரென்று கலங்கலாகி இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மலையில் மழை. துணி போனால் போகட்டும், கரையேறிவிட வேண்டும். ஒருவன் முங்குகிறான் என்றால் பின்னாலேயே குதிக்கக்கூடாது, அவன் உன்னையும் சேர்த்து அமுக்குவான். சேலையோ வேட்டியோ கம்போ நீட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் கத்த வேண்டும். "ஏட்டி, கத்து! யார் திட்டினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பாள். தினமும் கரையில் நிறுத்தி எங்களைக் கத்தச் சொல்லிப் பழக்கினாள். ஆற்றங்கரையில் ஒன்பது பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவதை அக்கரையில் மாடு மேய்ப்பவர்கள் நின்று பார்ப்பார்கள்.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும், தன்னை இழக்காமல் பிறரைக் காப்பாற்றும் முறையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இன்று நாடுகளுக்கெல்லாம் சொல்லி வருகிறது. 2021ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் தேதியை நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது சுரைக்குடுக்கையோடு நின்ற ஆச்சியைத்தான் நினைத்துக்கொண்டேன். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

என் பிள்ளைகள் இருவரும் பாளையங்கோட்டையில் நீச்சல்குளத்தில் பழகினார்கள். அது போதாது. குளத்தில் தரை தெரியும், இழுப்பு இல்லை, காலைச் சுற்றும் அமலைச்செடி இல்லை. குளத்தில் நன்றாக நீந்துகிற பிள்ளை ஆற்றில் துணிச்சலாக இறங்குவதுதான் எனக்கு அதிக பயம். அதனால் ஒவ்வொரு மே மாதமும் ஊருக்குக் கூட்டிப்போய் ஆற்றில் இறக்கி, ஆச்சி சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்கிறேன், கத்துவது உட்பட. குற்றாலத்துக்குப் போகிற சமயத்தில் அருவிச் சத்தம் மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பேன். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் காட்டாற்று வெள்ளம் இறங்கி, குளித்துக்கொண்டிருந்தவர்களில் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்று முழுக்க என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். வண்டியைப் பற்றி இரண்டு வரி. பத்தாம் வகுப்புப் பையனிடம் பைக் சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் தெருவில் ஒரு சுற்று வருவதைப் பெருமையாகப் பார்த்து நிற்கும் அப்பாக்களே, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றவருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. தண்டனைக்குப் பயந்தாவது சாவியை வாங்கி வையுங்கள். நான் இரண்டு மாணவர்களுக்கு மாலை போட்டிருக்கிறேன். இனி ஒருவனுக்குப் போட எனக்குத் தெம்பு இல்லை.

என் மகன் பிறந்து பெயர் வைத்த அன்று, அம்மா வசம்பைத் துண்டு துண்டாக நறுக்கி நூலில் கோத்து அவன் கையில் வளையலாகப் போட்டாள். இடுப்பில் கறுப்புக் கயிறு. கன்னத்தில் மை. மாலையானால் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவாள். இசக்கியம்மன் கோவிலுக்குத் தொட்டில் நேர்ந்திருந்தாள். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் அந்த அம்மனிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டால் தாய்க்கு ஒரு நிம்மதி. எங்கள் பக்கம் தெருவுக்கு நான்கு இசக்கி இருப்பது அதனால்தான். அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த வீட்டில் பிறந்தவனுக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைப்பார்கள். எமனுக்கும் வேண்டாத பெயராக இருக்கட்டும் என்று. தவிட்டுக்கு விற்று வாங்குவதும் உண்டு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் தால், சப்பாணி, அம்புலி என்று கொஞ்சத் தொடங்குவதற்கு முன் காப்புப் பருவத்தைத்தான் பாடினார்கள். இன்ன தெய்வம் காக்க, இன்ன தெய்வம் காக்க என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்ட பிறகே மற்றப் பருவங்கள்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்க என்னால் முடியாது. அம்மை, காலரா, பேறுகால ஜுரம் என்று எது எப்போது வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று தெரியாத காலத்தில் தாய்மார்கள் கையில் இருந்தது அந்த நூலும் அந்தப் பெயரும்தான். ஆனால் அவையெல்லாம் பிள்ளைக்குப் பேச்சு வராத வயதுக்கான காவல். பேச்சு வந்த பிறகும் நாம் கயிறு கட்டுவதோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு பையன் இருந்தான். எந்த ஊர், எனக்கு என்ன உறவு, எந்த ஆண்டு என்று எதையும் எழுதமாட்டேன். அப்படி அடையாளம் தெரிய எழுதக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுதமாட்டேன். அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிற, எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிற ஒருவர் அவனிடம் தவறாக நடந்துகொண்டார். ஒரு நாள் இல்லை, பல மாதங்கள். அவன் அம்மாவிடம் மூன்று தடவை சொல்லப் பார்த்திருக்கிறான். முதல் தடவை அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மாமா வந்தால் நான் இருக்கமாட்டேன்" என்றான். "பெரியவர்களை அப்படிச் சொல்லாதே" என்றாள். இரண்டாம் தடவை வயிற்றுவலி என்றான். ஓமத் தண்ணீர் கொடுத்தாள். மூன்றாம் தடவை, "ஒன்று சொன்னால் அடிக்கமாட்டாயே?" என்று கேட்டான். "என்ன செய்து தொலைத்தாய்?" என்று அவள் திரும்பிய வேகத்தில், பென்சில் பெட்டி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பிறகு தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பது வேண்டாம். அவள் என்னிடம் வந்து, "அக்கா, அந்தத் தோசைக்கல்லைப் பார்க்கவே முடியவில்லை" என்று சொல்லி அழுதாள். இந்த ஒன்றுக்காகத்தான் இதை அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

பெண் பிள்ளைகளைத்தான் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம். பையனுக்கு என்ன என்று விட்டுவிடுகிறோம். 2007இல் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. பதின்மூன்று மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டார்கள். 53 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் சற்று மேலே ஆண் பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை. தமிழ்நாடு அந்தப் பதின்மூன்றில் இல்லை. அதைச் சொல்லி யாராவது ஆறுதல் அடைவார்களானால், என் வகுப்பறையில் ஒரு வாரம் வந்து உட்காரட்டும்.

அந்த வீட்டில் அடுத்து நடந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரியவர்கள் கூடினார்கள். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், பையனின் எதிர்காலம் என்ன ஆவது, அவரை இனி வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்றார்கள். நான் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னேன். 2012இல் வந்த சட்டம் அது. இப்படி ஒன்று தெரிந்த பிறகு காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். நான் ஆசிரியை, நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லியாக வேண்டும் என்றேன். என்னோடு இன்றுவரை பேசாதவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. போகட்டும்.

எல்லோரும் பயந்தது காவல் நிலையத்துக்குத்தான். பையனை அங்கே கூட்டிப்போய் நிறுத்துவதா? ஆனால் பிள்ளை காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ அவனுக்குப் பழகிய இடத்திலோ, கூடுமானவரை சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படித்தான் ஒரு பெண் அதிகாரி சாதாரண நூல்சேலையில் வந்தார். நாற்காலி போட்டதும் வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தார். பையனின் சைக்கிளைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் மற்றதைக் கேட்டார். அவன் சொன்னான். மாதக்கணக்கில் வீட்டில் சொல்ல முடியாததை, பாயில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னான். பக்கத்தில் இருந்த அம்மாவின் கையை விடவே இல்லை.

வழக்கைப் பற்றி எழுதமாட்டேன். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவனுடைய அம்மா அடுக்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறாள், கேஸ் சிலிண்டர் புத்தகம் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில்.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கிறோம். நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இப்போது அதில் ஒரு குறை படுகிறது. தீங்கு செய்கிறவன் முதல் நாளே வலிக்கத் தொடுவதில்லை. மிட்டாய் வாங்கித் தருகிறான், கிச்சுகிச்சு மூட்டுகிறான். அது கெட்டது என்று குழந்தை எப்படி முடிவு செய்யும்? அந்தத் தீர்ப்பைக் குழந்தையின் தலையில் நாம் கட்டுகிறோம். அதைவிட, "அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும், அதை முதலில் அம்மாவிடம் சொல்" என்பது ஐந்து வயதுக்கும் புரிகிறது. உடம்பின் எல்லா உறுப்புக்கும் உரிய பெயரைச் சொல்லிக் கொடுங்கள். கண், மூக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே வந்ததும் 'ச்சீ' என்று பெயர் வைத்துவிட்டால், அங்கே ஒன்று நேர்ந்தால் குழந்தை எந்தச் சொல்லைக் கொண்டு சொல்லும்? கல்யாண வீட்டில் "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று பிள்ளையைப் பிடித்துத் தள்ளுவதையும் நிறுத்திக்கொள்ளலாம். வேண்டாம் என்று அது பின்வாங்கினால், பின்வாங்கட்டும். அந்த மாமாவுக்கு வருத்தம் வந்தால் பாயசம் ஊற்றிச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு தெரிந்த நான், என் வீட்டில் ஒன்றைக் கவனிக்கவில்லை.

போன வருஷம், கோவில் கொடைத் திருவிழா முடிந்த மறுவாரம், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் கையில் ஒரு கயிறு இருந்தது. வண்ணக் கயிறு. என்ன நிறம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் படிக்கிறவர்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், நான் சொல்ல வந்ததைப் பார்க்கமாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். வகுப்பறையில் ஒரு பையனின் கையைப் பார்த்தே எந்தத் தெரு, எந்தச் சாதி என்று இன்னொரு பையன் சொல்லிவிடுவான். நான் முதலில் கோவில் கயிறு என்றே நினைத்தேன். மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு பட்டியல் சாதி மாணவரை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அந்த மாணவர் சொல்லியிருந்தார். வீட்டுக்குத் தெரிந்தது, பள்ளிக்கும் புகார் போனது. அதற்குப் பிறகுதான் அரிவாள் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நடுக்கம் எடுக்கும். பிள்ளை வாய் திறந்து சொன்னால் காப்பாற்றிவிடலாம் என்று இத்தனை நாள் நம்பியவள் நான். அவர் சொன்னார். அவருடைய அம்மா கேட்டார். அப்படியும் நடந்தது. அந்த மாணவர் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 469 மதிப்பெண் பெற்றார் என்று செய்தி வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். ஆனால் அந்த இரவில் காவல் இல்லாமல் போனது அவர் வீட்டில் இல்லை. அரிவாளோடு கிளம்பிய பிள்ளைகளின் வீடுகளில். அவர்களுக்கும் பிறந்தபோது வசம்பு வளையல் போட்டுத்தான் வளர்த்திருப்பார்கள். மிளகாய் சுற்றிப் போட்டிருப்பார்கள். பிள்ளைக்கு வெளியிலிருந்து என்ன வரும் என்றே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள், நானும்தான். பிள்ளை வெளியே என்ன செய்துவிட்டு வருகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் வண்ணக் கயிறுகள் கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வாசலில் கத்தரிக்கோலோடு நின்று ஆசிரியர்கள் கயிற்றை அறுக்கலாம். மாலையில் வீட்டுக்குப் போகிற வழியில் பையில் இருந்து எடுத்து மறுபடி கட்டிக்கொள்வார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான்காம் நாள் அவனை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். யார் கட்டிவிட்டது என்று கேட்டேன். கொடைக்கு வந்த ஓர் அண்ணன் என்றான். எல்லோரும் கட்டியிருக்கிறார்கள் என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கை பரபரத்தது, எங்கள் அம்மாவின் கை அது. மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே பஸ் போகிற சத்தம் கேட்டது. பிறகு அவனாகவே சொன்னான். வகுப்பில் வேறு நிறக் கயிறு கட்டிய பையன் ஒருவன். மூன்று பேர் சேர்ந்து அவனுடைய சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழிப்பறைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். "நான் வைக்கவில்லை அம்மா. பார்த்துச் சிரித்தேன்."

அன்றைக்கு நான் அடித்திருந்தால், அடுத்த முறை சிரித்ததோடு நிற்காமல் வைத்துவிட்டு வந்தாலும் எனக்குத் தெரிய வந்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் நானும் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையனின் வீட்டுக்குப் போனோம். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டுதான் போனோம். அந்த அம்மா எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை, வாசலிலும் நிறுத்தவில்லை. திண்ணையில் உட்காரச் சொன்னார். என் மகன் தான் சிரித்ததைச் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. அந்தப் பையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாத்திரம் தொலைந்துவிட்டது என்றுதான் எங்களிடம் சொன்னான்" என்றார் அந்த அம்மா. "பொறுப்பில்லையா என்று நான் இரண்டு அடி வைத்தேன்." அதைச் சொல்லிவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே ஒரு தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றவளிடம் பார்த்திருக்கிறேன். என் அம்மாவிடமும்.

இரண்டு பையன்களும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஒரே வகுப்பில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். தலைமையாசிரியரிடம் பேசி, மற்ற மூன்று வீடுகளுக்கும் தகவல் போனது. ஒரு வீட்டில் வருந்தினார்கள். ஒரு வீட்டில், "இதெல்லாம் பையன்கள் விளையாட்டு டீச்சர்" என்றார்கள். மூன்றாவது வீட்டில் என் கணவரிடம், நம் ஆள் நம்மையே காட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அவர் வாக்குவாதம் செய்யத் தெரியாதவர். "உங்கள் பையன் நாளைக்கு ஜெயிலில் இருந்தால் நான் பார்க்க வரமாட்டேன் அண்ணாச்சி, அதற்காகத்தான் இன்றைக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கயிறு மகனின் கையில் இப்போது இல்லை. அவனுடைய மேசை இழுப்பறையில் ஜியோமெட்ரி பாக்ஸுக்கு அடியில் கிடக்கிறது. நான் பார்த்தேன், எடுக்கவில்லை. நான் பார்த்தது அவனுக்குத் தெரியும்.

நேற்று இரவு சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு பொரிய ஆரம்பித்திருந்தது. அடுக்களை வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மா, ஒன்று சொல்ல வேண்டும்" என்றான்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.